விடுபட்ட 12 கிலோ: இலைக் கணக்கும் ஃபில்டரும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. 1,200 சிறு விவசாயிகள் அங்கே இலை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் ஏழெட்டு தடவை போட்டால் மாதத்துக்குச் சுமார் 9,000 பதிவு. வருஷத்தில் லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பதிவிலும் உறுப்பினர் எண், கொள்முதல் மையம், தேதி, மொத்த எடை, ஈரத்துக்குக் கழித்தது (கழிவு), நிகர எடை. பட்டுவாடா நேரத்தில் இதன்மேல் கேட்கிற கேள்வி எல்லாம் ஒரே வார்ப்புதான்: இந்த மாதத்துப் பதிவு மட்டும் காட்டு, அரவேனு மையம் மட்டும் காட்டு, 417-ஆம் உறுப்பினருடையது மட்டும் காட்டு.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இந்த வேலைக்கு இருக்கும் கருவி ஃபில்டர்: நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளை மட்டும் எடுத்துத் தரும். 2009-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறை) ஐந்தாம் பதிப்பிலேயே தரத்தில் சேர்ந்துவிட்டது. ஒரு வரியில் எழுதிவிடலாம் என்பதால் யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. அங்கேதான் ஆபத்து. ஃபில்டர் சத்தம் போடாது. நிபந்தனை தப்பாக இருந்தால் நிரல் நிற்காது, சிவப்பு எழுத்து வராது, பட்டியல் சற்றே குட்டையாக வரும், அவ்வளவுதான். பட்டியலில் இருக்கும் பிழை கண்ணில் படும். பட்டியலில் இல்லாத பதிவு யார் கண்ணிலும் படாது. ஒரு விவசாயியின் 12 கிலோ இலை அப்படி விடுபட்டால், மாதக் கடைசியில் அவர் கையில் காசு குறையும்போதுதான் தெரியும். அதையும் அவரே வந்து கேட்க வேண்டும்.

ஆகவே திறமையான வடிகட்டல் என்றால் முதலில் ஒன்றும் விடுபடாத வடிகட்டல். வேகம் அதற்கு அடுத்தது. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது.

கீழே வரும் நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். மெத்தட் பெயர்களையும் நல் போன்ற மொழிச் சொற்களையும் மட்டும் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்கும்.

அடிப்படை வடிவம் இது:

பதிவுகள்.ஃபில்டர்(ப => ப.மையம் === 'அரவேனு')

ஒவ்வொரு பதிவையும் ஒரு தடவை எடுத்து, அம்புக்குறிக்கு வலப்பக்கம் உள்ளதைக் கணக்கிட்டு, விடை உண்மைத்தன்மை உள்ளதாக (மொழி உண்மையாக எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) இருந்தால் புதிய அரேயில், அதாவது புதிய பட்டியலில், வைக்கிறது. பழைய அரேயைத் தொடாது. ஆனால் புதிய அரேக்குள் இருப்பவை நகல்கள் அல்ல, அதே ஆப்ஜெக்ட்கள். வடிகட்டிய பட்டியலில் ஒரு பதிவின் எடையைத் திருத்தினால் மூலப் பட்டியலிலும் திருந்திவிடும். சில இடத்தில் அதுதான் வேண்டும், சில இடத்தில் அதுவே வினை.

அம்புக்குறிக்குப் பிறகு நெளிவு அடைப்பு போட்டால் ரிட்டர்ன் எழுதியே ஆக வேண்டும். அடைப்பைப் போட்டுவிட்டு ரிட்டர்னை விட்டால் ஒவ்வொரு தடவையும் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) திரும்பும், பட்டியல் காலியாக வரும். இது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். கெட்டது இதற்கு எதிர்ப்பக்கம்: நிபந்தனைக்குள் சர்வரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று அசிங்க் ஃபங்ஷனை (விடைக்குக் காத்திருக்கும் ஃபங்ஷனை) உள்ளே வைப்பது. அது திருப்புவது ப்ராமிஸ், பின்னால் வரப்போகும் விடைக்கான சீட்டு. ப்ராமிஸ் எப்போதும் உண்மைத்தன்மை உள்ளது, அதனால் எல்லாப் பதிவும் தேறிவிடும். சர்வரைக் கேட்க வேண்டியதை முன்கூட்டியே மொத்தமாகக் கேட்டு, ப்ராமிஸ்.ஆல் மூலம் விடைகளை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வடிகட்டுங்கள்.

பூஜ்யம் என்கிற பள்ளம்

ஜாவாஸ்கிரிப்ட் பொய்யாக எடுத்துக்கொள்கிற மதிப்புகளில் 0-வும் ஒன்று. காலிச் சரம் (எழுத்தே இல்லாத உரை), நல் (வெற்று), அன்டிஃபைன்ட், நேன் (எண் அல்லாதது) எல்லாம் அதே வரிசை. ‘கழிவு பதிந்த பதிவுகள் மட்டும்’ என்ற எண்ணத்தில் ப => ப.கழிவு என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? மழை மாதங்களில் இலை நனைந்து வரும். எல்லாப் பதிவிலும் ஒன்றோ இரண்டோ கிலோ கழிவு இருக்கும். வடிகட்டி சரியாகவே வேலை செய்யும். பிப்ரவரியில் வெயில் அடித்து இலை காய்ந்து வரும்போது கழிவு 0 என்று பதிவார்கள். அந்த 0-வும் முறையான பதிவுதான். அத்தனையும் பட்டியலில் இருந்து உதிர்ந்துவிடும். ஜூலையில் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்ட நிரல் பிப்ரவரியில் கவிழ்வது இப்படித்தான்.

கேட்க நினைத்தது ‘மதிப்பு இருக்கிறதா’ என்பது. எழுதியது ‘மதிப்பு பூஜ்யம் அல்லவா’ என்பது. இரண்டும் வேறு கேள்வி. ப => ப.கழிவு != நல் என்று எழுதினால் நல், அன்டிஃபைன்ட் இரண்டும் கழியும், 0 நிற்கும். மற்ற இடங்களில் மூன்று குறிச் சமத்தையே கையாளுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டு குறி சரியான கருவி. ஃபில்டருக்குள் பூலியன் என்ற பெயரை மட்டும் போட்டு வெற்றிடங்களைக் களையும் குறுக்குவழியை எண்கள் இருக்கும் அரேயில் பயன்படுத்தவே கூடாது.

எண்ணும் சரமும்

இன்புட் பெட்டியில் தட்டியது எண் போலத் தெரிந்தாலும் அதன் வேல்யூ சரம்தான். எடை நிரலில் ‘9.5’ என்றும் ‘12’ என்றும் சரமாகவே சேமித்து, எல்லை மதிப்பையும் பெட்டியில் இருந்து சரமாகவே எடுத்து ஒப்பிட்டால், அகராதி வரிசைப்படி 9.5 பெரியது, 12 சின்னது. ஏனென்றால் முதல் எழுத்து 9, 1-ஐவிடப் பின்னால் வருகிறது. ஒரு பக்கம் எண்ணாக இருந்தால் மொழியே மாற்றிக்கொள்ளும் என்பதால், சில திரைகளில் சரியாகவும் சிலவற்றில் தப்பாகவும் வரும். தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது அந்தச் சில திரைகள்தான்.

தீர்வு ஒன்றே: பதிவு உள்ளே நுழையும் வாசலிலேயே எண்ணாக மாற்றிவிடுவது. நம்பர் ஃபங்ஷனுக்கும் ஒரு குணம் உண்டு. காலிச் சரத்தைக் கொடுத்தால் 0 தரும். ‘12 கிலோ’ என்று கொடுத்தால் நேன் தரும். எடை எழுதாமல் விட்ட பதிவு 0 கிலோவாக மாறுவது ஒரு தப்பு, அதை மாற்றும் முன்பே பிடிக்க வேண்டும். நேன் அதைவிட மோசம். பெரியதா, சின்னதா, சமமா என்று நேனோடு எதை ஒப்பிட்டாலும் விடை பொய். ‘10 கிலோவும் அதற்கு மேலும்’ என்ற பட்டியலிலும் வராது, ‘10 கிலோவுக்குக் கீழ்’ என்ற பட்டியலிலும் வராது. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் மொத்தம் வந்துவிட வேண்டும் என்று நாம் நம்புகிறோம். நேன் அந்த நம்பிக்கையை உடைக்கிறது.

இதனால்தான் பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் ஃபில்டரைத் தனியாக விடாமல், ஒரே சுற்றில் இரண்டு அரேக்களாகப் பிரிக்கச் சொல்கிறேன். தேறியது ஒரு பக்கம், தேறாதது மறுபக்கம். சாதாரண ஃபார் லூப் போதும்: நிபந்தனை உண்மையானால் ஒன்றில் புஷ், இல்லையென்றால் மற்றதில் புஷ். முடிந்ததும் இரண்டின் எண்ணிக்கையும் மொத்த எண்ணிக்கையோடு பொருந்துகிறதா, இரண்டின் நிகர எடையும் மொத்த நிகர எடையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எடையைக் கிராமில் முழு எண்ணாக வைத்திருந்தால் இந்தச் சரிபார்ப்பு சுத்தமாக வரும். கிலோவில் தசமமாக வைத்தால் 0.1-உம் 0.2-உம் கூட்டி 0.30000000000000004 என்று வரும் வழக்கமான தொல்லை. தேறாத அரேயைத் தூக்கி எறியாமல் ‘கவனிக்க’ என்று திரையில் ஓர் ஓரத்தில் எண்ணிக்கையோடு காட்டுங்கள். 9,000-இல் 3 என்று தெரிந்தால் குமாஸ்தா திறந்து பார்ப்பார்.

கோத்தகிரி ஏன் கிடைக்கவில்லை

தமிழில் பதிவு வைத்துத் தமிழில் தேடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இது அதிகம் வராது.

குன்னூர் என்று தேடினால் எல்லாப் பதிவும் வருகிறது. கோத்தகிரி என்று தேடினால் பாதிதான் வருகிறது. இரண்டு சரத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மயிரிழை வித்தியாசம் தெரியாது. லெங்த் (சரத்தின் நீளம்) கேட்டுப் பாருங்கள்: ஒன்று 9, மற்றது 10. யூனிகோடில் ோ என்ற குறிக்குத் தனி எண் ஒன்று இருக்கிறது. இரட்டைக்கொம்பு ே-வுக்கும் கால் ா-வுக்கும் தனித்தனி எண்களும் இருக்கின்றன. க-வுக்குப் பின்னால் ோ வைத்தாலும், ே-வும் ா-வும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் வருவது அதே கோ. எந்த விசைப்பலகையில் தட்டினார்கள், எந்தப் பழைய கோப்பை மாற்றிக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். மூன்று குறிச் சமத்துக்கு அவை வேறு வேறு சரங்கள்.

ொ, ோ, ௌ மூன்றுக்கும் இந்தக் கதை பொருந்தும். கோத்தகிரி, கொடநாடு, கொடைக்கானல் எல்லாம் மாட்டும். குன்னூர், அரவேனு, கட்டபெட்டு மாட்டாது. சோதனைக்கு ஒருவர் குன்னூரை மட்டும் தட்டிப் பார்த்திருந்தால் பிழை ஒளிந்தே இருக்கும்.

மருந்து நார்மலைஸ் என்ற மெத்தட். 2015 பதிப்பில் இருந்து எல்லாச் சரங்களுக்கும் உண்டு. என்எஃப்சி என்ற வடிவத்தைக் கேட்டால் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்று சேர்த்துவிடும். பதிவையும் தேடுசொல்லையும், இரண்டையும், அதே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய நிலைமைதான். இதை ஃபில்டரின் நிபந்தனைக்குள் வைக்காதீர்கள். ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் 9,000 சரங்களை மறுபடி மறுபடி மாற்றுவது வெட்டிவேலை. பதிவு வந்திறங்கும்போதே தேடுவதற்கென்று ஒரு புலம் சேர்த்து, அதில் சீர்செய்த வடிவத்தை ஒரே தடவை எழுதிவையுங்கள்.

நார்மலைஸ் தீர்க்காத இரண்டு விஷயம் இருக்கிறது. கௌரி என்ற பெயரில் ௌ-வுக்குப் பதில் ெ போட்டு ள எழுத்தைத் தட்டுகிறவர்கள் பலர். பார்க்க ஒன்று போல இருக்கும். யூனிகோடுக்கு அது முழு எழுத்து ள, சேராது. இதை நாமே மாற்றவும் முடியாது, ஏனென்றால் ‘வெள்ளை’யிலும் ெ-வுக்குப் பிறகு ள வருகிறது. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் இருந்தோ பிடிஎஃப்பில் இருந்தோ ஒட்டும்போது கூடவே வரும் அகலமில்லாத எழுத்துகள். ட்ரிம் சாதாரண இடைவெளிகளை வெட்டும். அகலமில்லாத இடைவெளியையும் இணைப்பு நீக்கியையும் வெட்டாது. அவற்றை ரீப்ளேஸ் போட்டுத் தனியாக நீக்க வேண்டும்.

தட்டத் தட்டத் தேடும் பெட்டியில் இன்னொரு சங்கடம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஒருவர் கோத்தகிரி தட்டத் தொடங்கினால் பெட்டியில் முதலில் ‘க்’ விழும், பிறகு ‘கொ’, பிறகு ‘கோ’. ‘க்’ கோத்தகிரிக்குள் இல்லை. ‘கொ’-வும் இல்லை. ஆகவே பட்டியல் ஒரு கணம் காலியாகி, மறுபடி நிரம்பும். பார்க்கிறவருக்குத் திரை துடிப்பது போல இருக்கும். தேடுசொல்லின் கடைசி எழுத்து புள்ளி என்றால் அந்தப் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டுத் தேடுங்கள். அதோடு கடைசித் தட்டலுக்குப் பிறகு 250 மில்லிசெகண்ட் பொறுத்திருந்து வடிகட்டுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் துடிப்பு நின்றுவிடும்.

இவ்வளவும் பெயரை வைத்துத் தேடும்போது. நிபந்தனையையே பெயரில் கட்டுவது வேறு விஷயம், அதைத் தவிர்ப்பதே மேல். ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர். எந்த நார்மலைஸும் அதைச் சேர்த்துவைக்காது. நீலகிரி மாவட்டத்தில் ஆறு வட்டங்கள்: உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். ஆறுக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுத்து, மையங்களுக்கும் எண் கொடுத்து, வடிகட்டுவதை எண்ணால் செய்யுங்கள். பெயர் மனிதர்கள் படிப்பதற்கு இருக்கட்டும்.

மாதத்தின் முதல் நாள்

ஜூன் மாதப் பதிவுகள் வேண்டும். தேதி ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதை உலக நேரப்படி சரமாக்கும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு, முதல் ஏழு எழுத்தை வெட்டி, ‘2024-06’ ஆக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. நம் ஊர் ஜூன் 1 நள்ளிரவு, அந்தச் சரத்தில் மே 31, 18:30 என்று வரும். நேரம் இல்லாமல் தேதியை மட்டும் பதிகிற திரைகள் பல நம் ஊர் நள்ளிரவைத்தான் வைத்துக்கொள்ளும். ஆகவே ஜூன் 1 போட்ட இலை மே மாதத்தில் போய் விழும், ஜூலை 1 போட்டது ஜூனுக்குள் நுழையும். விலை மாதாமாதம் மாறுகிற தொழிலில் இது கிலோவையும் மாற்றும், காசையும் மாற்றும்.

இலை போட்ட நாள் என்பது ஒரு நாட்காட்டித் தாள், ஒரு கணம் அல்ல. அதைச் சரமாகவே, வருஷம்-மாதம்-நாள் வரிசையில், இரண்டிலக்கம் குறையாமல் ‘2024-06-01’ என்று சேமியுங்கள். இந்த வடிவத்துக்கு ஒரு பெரிய வசதி: அகராதி வரிசையும் கால வரிசையும் ஒன்றே. நிபந்தனை இப்படி ஆகிவிடும்:

ப => ப.நாள் >= '2024-06-01' && ப.நாள் < '2024-07-01'

தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, இது லீப் வருஷமா என்ற கவலையே இல்லை. நாள்-மாதம்-வருஷம் வரிசையில் ‘01-06-2024’ என்று சேமித்தால் இது எதுவும் பலிக்காது. தேதி ஆப்ஜெக்ட் தேவைப்பட்டே தீரும் என்றால், அதில் மாதம் பூஜ்யத்தில் தொடங்குகிறது, ஜூன் என்றால் 5, என்பதை ஞாபகம் வையுங்கள். எல்லைத் தேதிகளை ஃபில்டருக்கு வெளியே ஒரு தடவை உருவாக்குங்கள். உள்ளே உருவாக்கினால் 9,000 தடவை உருவாகும்.

இனி வேகம்

ஒரு ஃபில்டர் 9,000 பதிவுகளை ஒரு சுற்று சுற்றுவது எந்தப் போனுக்கும் பாரமில்லை. அதை ஃபார் லூப்பாக மாற்றி மிச்சம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பாரம் ஆவது சுற்றுக்குள் சுற்று வைக்கும்போது.

பட்டுவாடாப் பக்கத்தில் அதிகம் காணும் தவறு இது: 1,200 உறுப்பினர்களையும் ஒவ்வொருவராக எடுத்து, ஒவ்வொருவருக்கும் 9,000 பதிவுகளையும் ஃபில்டர் செய்து, கூட்டுத்தொகை போடுவது. 1,200-ஐ 9,000-ஆல் பெருக்கினால் 1 கோடியே 8 லட்சம். பதிவுகளை ஒரே தடவை சுற்றி, உறுப்பினர் எண்ணைச் சாவியாக வைத்து மேப் ஒன்றில் அடுக்கிவிட்டால் 9,000 படியோடு வேலை முடிந்தது. அதன் பிறகு எந்த உறுப்பினரைக் கேட்டாலும் கெட் ஒன்றுதான். 2024 பதிப்பில் மேப்.குரூப்பை என்று இதற்கே ஒரு மெத்தட் வந்திருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் அதிகம் புழங்கும் இடத்தில் அதை நம்பாமல் ஐந்து வரி லூப்பைக் கையால் எழுதுவதே பத்திரம்.

இதன் தம்பி இன்னொன்று. வங்கிக் கணக்கு சரிபார்த்த 800 உறுப்பினர் எண்கள் ஓர் அரேயில் இருக்கின்றன. பதிவுகளை ஃபில்டர் செய்யும் நிபந்தனைக்குள் அந்த அரேமேல் இன்க்ளூட்ஸ் (இந்த எண் உள்ளே உண்டா என்று) கேட்கிறார்கள். மோசமான நிலையில் பதிவு ஒன்றுக்கு 800 ஒப்பீடு. மாதத்துக்கு 72 லட்சம், வருஷக் கணக்கு என்றால் 8 கோடியைத் தாண்டும். அரேயை ஃபில்டருக்கு முன்னால் செட் (வேகமாகத் தேடித் தரும் தொகுப்பு) ஆக மாற்றிவிட்டு, உள்ளே ஹேஸ் கேட்டால் போதும். செட்டை நிபந்தனைக்குள்ளேயே உருவாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பதிவுக்கு ஒரு செட், முன்பைவிட மோசம். எண் 417-உம் சரம் ‘417’-உம் செட்டுக்கு வேறு வேறு என்பதால், வாசலில் எண்ணாக மாற்றிய வேலை இங்கேயும் கைகொடுக்கும்.

இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமா? ஃபில்டர் செய்து லெங்த் பார்க்காதீர்கள். சம் (some) என்ற மெத்தட் முதல் பொருத்தத்திலேயே நின்றுவிடும். முதல் பதிவு மட்டும் வேண்டும் என்றால் ஃபைன்ட். நிபந்தனைக்குள் இரண்டு மூன்று கேள்வி இருந்தால் மலிவானதை, அதிகம் கழிப்பதை, முதலில் வையுங்கள். && இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காது. மையத்தின் எண்ணை ஒப்பிடுவது முதலில், பெயருக்குள் தேடுவது கடைசியில்.

வருஷப் பதிவுகள் நாள் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், மாதத்தைப் பிரிக்க ஃபில்டரே வேண்டாம். 1,08,000 பதிவில் ஜூன் 1 எங்கே தொடங்குகிறது என்பதைப் பாதியாக வெட்டி வெட்டித் தேடினால் 17 ஒப்பீட்டில் கிடைத்துவிடும். ஜூலை 1-க்கு இன்னொரு 17. நடுவில் உள்ளதை ஸ்லைஸ் செய்துகொள்ளலாம். வரிசை குலைந்திருந்தால் இது சத்தமில்லாமல் தப்பான விடை தரும். பதிவுகளைச் சேர்க்கும் இடத்தில் வரிசையைக் காப்பதற்கு உத்தரவாதம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இரட்டைப் பதிவுகளைக் களைவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலை மடிப்புக்குள் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கும்போது சேமி பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்துவது இயல்பு. ஒரே எடை அடுத்தடுத்து மூன்று வரி ஏறிவிடும். இதைக் களைய லூப்பை முன்னோக்கி ஓட்டி ஸ்ப்ளைஸ் செய்தால் (அதே அரேயில் இருந்து வெட்டி நீக்கினால்), ஒன்றை நீக்கியதும் மற்றவை ஓர் இடம் முன்னால் நகரும். லூப்போ அடுத்த எண்ணுக்குப் போய்விடும். நகர்ந்து வந்தது சோதிக்கப்படாமலே தப்பும். மூன்றில் ஒன்று போய் இரண்டு நிற்கும். அடுத்தடுத்து வரும் இரட்டைகளில்தான் இந்தப் பிழை கடிக்கும், நம்மிடம் வருவதும் அடுத்தடுத்துத்தான். பார்த்த சாவிகளை ஒரு செட்டில் போட்டுக்கொண்டே புதிய அரேயைக் கட்டுங்கள். சாவி எது என்பது அடுத்த கேள்வி. உறுப்பினர் எண்ணும் நாளும் சேர்ந்து சாவி என்று வைத்தால், காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை இலை போட்டவரின் மாலை இலை போச்சு. எடையையும் சேர்த்தாலும், இரண்டு நடையும் 12 கிலோவாக இருந்துவிட்டால் ஒன்று போகும். எடைத் திரை திறக்கும்போதே போன் தனக்குள் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, எத்தனை தடவை அழுத்தினாலும் அதையே அனுப்ப வேண்டும். அதுதான் சாவி. க்ரிப்டோ.ரேண்டம்யூயூஐடி இதற்கே இருக்கிறது. பக்கம் எச்டிடிபிஎஸ்-இல் (அல்லது சோதனைக்கு லோக்கல்ஹோஸ்ட்டில்) இருந்தால் மட்டும் கிடைக்கும்.

வடிகட்டியது வேகமாக முடிந்தும் திரை திணறினால் குற்றவாளி ஃபில்டர் அல்ல. 9,000 வரி அட்டவணையை வரைவதுதான் போனை மூச்சுத் திணற வைப்பது. செகண்டுக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரையில் ஒரு தடவைக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். முதல் 50 வரியை வரைந்து, ‘மேலும்’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். மொத்த எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் மட்டும் முழுப் பட்டியலில் இருந்து காட்டுங்கள். எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பெர்ஃபார்மன்ஸ்.நௌ வைத்து அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள். குரோமின் டெவ்டூல்ஸில் சிபியூவை நான்கில் ஒன்றாகக் குறைத்து ஓட்டும் வசதி உண்டு, மேசைக் கணினியில் சோதிப்பவர்கள் அதைப் போட்டே சோதிக்க வேண்டும்.

சர்வரில் செய்ய வேண்டியதை போனில் செய்யாதிருப்பதும் இதில் சேர்ந்தது. பதிவுக்கு 150 பைட் என்றால் வருஷப் பதிவுகள் ஒன்றரைக் கோடி பைட்டைத் தாண்டும். கூடலூர் இறக்கத்தில் நிற்கிற ஒருவர் தன் இருபது வரியைப் பார்க்க அதை இறக்கிக்கொண்டிருக்க முடியாது. தரவுத்தளத்தில் உறுப்பினர் எண்ணுக்கும் நாளுக்கும் சேர்த்து இண்டெக்ஸ் போட்டு, வேர் (WHERE) நிபந்தனையில் வடிகட்டி, இருபது வரியை மட்டும் அனுப்புங்கள். வேகத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. போனுக்கு அனுப்பிவிட்டு ஃபில்டரால் மறைப்பது மறைப்பதே அல்ல. 1,200 பேரின் எடையும் வங்கிக் கணக்கும் ஒருவர் போனுக்குள் வந்து இறங்கிவிட்டன, திறந்து பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பார். யார் எதைப் பார்க்கலாம் என்பதை சர்வர்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கேயே பக்கம் பக்கமாகப் பிரிக்கிறீர்கள் என்றால் வடிகட்டலும் அங்கேயே நடக்க வேண்டும். 50 வரியை வாங்கி அதற்குள் போனில் தேடினால், 51-ஆவது வரியில் இருப்பவர் இல்லவே இல்லை என்று ஆகிவிடும்.

சர்வர் பிஎச்பியில் இருந்தால் ஒரு கண்ணி. அங்கே அரே_ஃபில்டர் பழைய சாவிகளை அப்படியே வைத்திருக்கும். 0, 1, 2-இல் 1 கழிந்தால் மிஞ்சுவது 0, 2. இதை ஜேசனாக்கினால் (போனுக்கு அனுப்பும் உரை வடிவமாக்கினால்) அரேயாக வராது, ஆப்ஜெக்டாக வரும். போனில் ஃபில்டர் என்ற ஃபங்ஷனே இல்லை என்று பிழை கிளம்பும். கடைசியில் இருந்து கழிந்த நாட்களில் சாவிகள் தொடர்ச்சியாக இருப்பதால் பிழை வராது. முதலிலோ நடுவிலோ கழிந்தால் மட்டும் வரும். அரே_வேல்யூஸ் ஒன்றைச் சுற்றிப் போட்டால் சரி. நிபந்தனை கொடுக்காமல் அரே_ஃபில்டரை அழைத்தால் ‘0’ என்ற சரத்தையும் சேர்த்தே தூக்கிவிடும். காய்ந்த இலையின் கழிவு 0 இங்கேயும் அடிபடும்.

எந்த ஃபில்டரையும் பட்டுவாடாவுக்கு விடும்முன் ஓட்டிப்பார்க்க ஒரு சின்ன சோதனைப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வரி போதும். கழிவு 0 உள்ள வரி ஒன்று. எடை காலியாக ஒன்று, ‘12 கிலோ’ என்று எழுதியது ஒன்று, ‘9.5’ என்று சரமாக ஒன்று. கோத்தகிரி சேர்ந்த குறியோடு ஒன்று, பிரிந்த குறியோடு ஒன்று. ஜூன் 1 ஒன்று, ஜூலை 1 ஒன்று. கடைசி இரண்டு வரியும் ஒரே உறுப்பினர், ஜூனில் ஒரே நாள், ஒரே 12 கிலோ, ஆனால் வேறு வேறு அடையாளம்: காலை நடை, மாலை நடை. ஜூன் மாதத்தைக் கேட்டால் அந்த இரண்டும் தனித்தனி வரியாக வர வேண்டும், கூட்டுத்தொகையில் 24 ஏற வேண்டும்.